கசப்பில் போட்டது

டம்ளரை நெற்றிக்கு நேரே தூக்கி ஒரு கும்பிடு போட்டான்.

பாகற்காய்ச் சாறு. அரைத்த பெண்டாட்டி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கும்பிடு டம்ளருக்கு.

சற்று முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. மறுபரிசோதனையில் வயிறு சுத்தமாக இருக்கிறதாம். கிருமி இல்லையாம்.

அவனுடைய அப்பாவை வயிற்றுப் புற்றுநோய்தான் கொண்டுபோயிற்று. அதனால் மகன்கள் இருவரையும் டாக்டர் சோதித்துப் பார்த்தார். இருவர் வயிற்றிலும் ஒரே கிருமி. இப்போதே அதைக் கொன்றுவிட்டால் பின்னால் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்.

அவன் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டான்.

எல்லாம் விஷம் என்றான். புற்றுநோயைத் தடுக்க இயற்கை உணவு போதும் என்றான். வாட்ஸப்பில் யாரோ ஒரு தாடிக்காரர் சொல்லிவிட்டாராம். டாக்டர் எழுதியதில் கேஸ் மாத்திரை மட்டும் தப்பித்தது. அது இல்லாமல் அவனால் பரோட்டா சாப்பிட முடியாது.

மறுநாளிலிருந்து சாறு. பாகற்காய், வேப்பங்கொழுந்து, இஞ்சி. உத்தரவு போட்டதோடு அவன் வேலை முடிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கக்கூட வந்ததில்லை.

அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

குப்பைக்கூடையிலிருந்து அட்டைகளை எடுத்துத் துடைத்தாள். பொடித்துக் கொடுக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொண்டாள். மிக்ஸி ஓடும்போது இடிகல்லில் மாத்திரை நுணுங்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்காது.

கசப்போடு கசப்பு.

மாத்திரை இரண்டு வேளை. சாறு ஒரு வேளைதான். சாயங்காலமும் ஒரு டம்ளர் குடித்தால் ரொம்ப நல்லதாமே என்று அவளே பேச்சை எடுத்தாள். அவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இவளுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னான், அவள் காதில் விழும்படி.

ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தான். அவள் டம்ளரை வாங்கக் கை நீட்டினாள்.

அதுதான் சத்து என்றான். விரலால் வழித்து நக்கினான்.

பாசத்தில் செய்தாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாமனார் கிடந்த கடைசி மாதங்களில் வாந்திப் பாத்திரம் பிடித்தவள் அவள். இவன் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பான். உள்ளே வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வான். இன்னொரு முறை அந்தப் பாத்திரத்தைப் பிடிக்க அவளால் ஆகாது. அவ்வளவுதான்.

மாத்திரை தீர்ந்து நாளாயிற்று. இன்றைய சாறு வெறும் சாறு. மறுபரிசோதனைக்கும் சாற்றின் மகிமையை டாக்டருக்குக் காட்டத்தான் போயிருந்தான்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். சாறுதான் ஜெயித்தது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளட்டும். வயிறு பிழைத்துவிட்டது.

அவன் தம்பிக்குப் போன் போட்டான். அவளும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில்.

தம்பி மயில்சாமி அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன். அண்ணனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என, மாத்திரையைப் பிரிக்காமலேயே வைத்திருந்தான்.

"மொதல்ல அந்த மாத்திரையத் தூக்கிக் குப்பைல போடுடா. போட்டுட்டு வந்து பேசு."

அந்தப் பக்கம் கூடையின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷனை இந்த அளவுக்கு அவள் என்றைக்கும் வெறுத்ததில்லை. மயில்சாமிக்கும் அதே அப்பா. அதே கிருமி. நாளைக்கு அங்கே பாத்திரம் பிடிக்கப்போவது அவன் பெண்டாட்டி கோகிலா. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

கோகிலாதான் போனை வாங்கினாள்.

"அக்கா, அந்தச் சாறுல என்னென்ன போடோணும்? சொல்லுங்க, நாளைக்கே ஆரம்பிச்சர்றேன்."

அவன் முகமெல்லாம் சிரிப்பாகப் போனை அவளிடம் நீட்டினான். அவனுக்கு எதை எவ்வளவு போடுவது என்றே தெரியாது.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பாகற்காய் ஒண்ணு. வேப்பங்கொழுந்து ஒரு கை. இஞ்சி ஒரு துண்டு."

"செரிங்க்கா."

"அப்பறம் இப்பக் குப்பைல போட்டாரில்ல, அந்த மாத்திரை. டாக்டர் சொன்ன மாதிரி ரெண்டு வேளையும். இவருக்கும் நான் அதப் பொடிச்சுப் போட்டுத்தான் குடுத்தேன்."

அவன் கையில் டம்ளர் இருந்தது. ஒரு வாய்ச் சாறு மிச்சம் இருந்தது. அதையே பார்த்தான்.

"பாகற்காய் கெடைக்கலீன்னா உட்ரு கண்ணு. குப்பை வண்டி வர்றதுக்குள்ள அட்டைய எடுத்துரு."

போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.



அந்தப் பக்கம் கூடையைத் தரையில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.