மூன்றரை கிராம்

"நீ மீன் பிடிக்கப் போறியா, இல்ல மீன் தலையில குண்டு போடப் போறியா?"

புருஷன் கேட்டது பெண்டாட்டியைத்தான். ஆனால் தூண்டில் கடையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

அவள் அசரவில்லை. கையிலிருந்த மூன்றரை கிராம் ஜிக்கைக் கீழே வைக்கவும் இல்லை.

ஜிக் என்றால் வேறொன்றுமில்லை, தூண்டில் முள்ளின் கழுத்தில் ஒரு ஈயத் தலை. ரப்பர் புழுவைச் செருகி வீசினால் தலையின் எடைக்குத் தக்கபடி தண்ணீரில் இறங்கும்.

கடைக்காரர் பத்தொன்பது வருஷமாக இதைத்தான் விற்கிறார். பாக்கெட்டில் அச்சடித்த எடையை நம்ப மாட்டார். ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துத்தான் டப்பாவில் போடுவார். தலைக்கு மேலே அவரே எழுதின அட்டை ஒன்று தொங்கியது: 'குளத்துக்கு ஒரு கிராம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.'

புருஷன் அந்த அட்டையைக் காட்டிக் காட்டித்தான் சண்டை பிடித்தார்.

நியாயம் அவர் பக்கம்தான். இவர்கள் வழக்கமாகப் போகிற குளத்தில் இருப்பது ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனும், கையகலச் சின்ன மீன்களும். ஓட்டமில்லாத தண்ணீர். இரை பஞ்சு மாதிரி மெல்ல இறங்கினால்தான் வாய் திறக்கும். தொப்பென்று விழுந்தால் அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கமே தலைகாட்டாது.

இது அவளுக்குத் தெரியாததா?

கல்யாணமான புதிதில் புருஷன் கையில் தூண்டிலைக் கொடுத்துப் பழக்கியதே அவள்தான். ஒரு கிராமே கனம் என்று கடைக்காரரை வம்புக்கு இழுத்து, முக்கால் கிராம் கேட்டு வாங்கிப் போகிறவள். இன்றைக்கு வந்து மூன்றரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

கடைக்காரருக்கு மண்டை குடைந்தது. மணிக்கட்டில் வலியா? வேறு ஏதாவது குளமா? இல்லை, புருஷனைக் கடுப்பேற்றத்தான் கேட்கிறாளா? முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். கோபம்தான் போல என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. வழியை மறித்து நின்றது இவர்கள் வண்டிதான். புருஷன் முணுமுணுத்தபடியே நகர்த்தப் போனார்.

கடைக்காரர் ஒரு கிராமையும் மூன்றரையையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். லேசான ஜிக்கை மீன் உறிஞ்சினால் கைக்குத் தெரியாது, தூண்டில் நரம்பு தண்ணீரைத் தொடுகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், அது ஓரமாக நூலளவு நகர்ந்தால் சுண்டிவிட வேண்டும், இதை எனக்கே சொன்னவள் நீதானே அம்மா என்று ஞாபகப்படுத்தினார்.

அவள் கை மேஜைமேல் இறங்கியது. ஜிக்குகளுக்கு ஒரு விரல் தள்ளி இறங்கியது. கண்ணாடியைத் தடவித் தடவி வந்துதான் மூன்றரையைத் தொட்டது.

"அந்த நரம்புதாண்ணே எனக்கு இப்ப தெரியல."

நாலு மாசமாயிற்றாம். எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் கட்டைவிரலால் தேய்த்து அழித்த மாதிரி இருக்கிறதாம். நேராகப் பார்த்தால் உங்கள் முகத்தில் காது ரெண்டும்தான் மிச்சம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் மீசை வருகிறது என்றாள். போன பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் இன்னும் மூச்சு விடவில்லை. கனமான ஜிக் என்றால் நரம்பு விறைப்பாக நிற்கும், மீன் தொட்டால் விரல் சொல்லும், அதற்காகத்தான் மூன்றரை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"சொன்னா அடுத்த நிமிஷத்துலேர்ந்து அவரே புழு மாட்டி, அவரே வீசி, மீனையும் அவரே இழுத்துருவாரு. கோலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது மட்டும்தான் என் வேலை. இந்த ஞாயித்துக்கிழமை ஒத்த மீன் நானா எடுத்துட்டேன்னா, அதைக் கையில வச்சிக்கிட்டே சொல்லிருவேண்ணே."

கடைக்காரர் ரெண்டு ஜிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கிராம் போட்டால் மீன் வரும், இவளுக்குத் தெரியாது. மூன்றரை போட்டால் இவளுக்குத் தெரியும், மீன் வராது.

அதற்குள் புருஷன் உள்ளே வந்துவிட்டார். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று மேஜைமேல் கையை ஊன்றினார்.

எடையில் ஒரு துளி பொய் சொல்லாத கடைக்காரர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த மாசம் மீனெல்லாம் அடியில கிடக்குது. மூன்றரைதான் சரி."

புருஷன் அட்டையைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். பெண்டாட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் பார்த்துச் சிரித்தாள்.

அப்படியென்றால் தனக்கும் மூன்றரையே கொடுக்கும்படி சொல்லிவிட்டார். பின்னால் தூண்டில் ரீல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் மூன்றரையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கடைக்காரர் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, நரம்பை விரலில் போட்டு, ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு என்று இறக்கி இறக்கிப் பார்க்கிறார். கொஞ்சம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. வாளியில் மீன் இல்லையே.

அசையாத தண்ணீரில், நரம்பைப் பார்க்காமல், விரலை மட்டும் நம்பிச் சின்ன மீன் எடுத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை கிராம் போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். சும்மா ஊகமாக வேண்டாம், கையால் எடுத்தவர்கள் மட்டும் எழுதுங்கள். இன்று வெள்ளி. ஞாயிறு விடிவதற்குள் தெரிந்தால் நல்லது.