வாங்கக் கூடாத கடை

"இதுவும் வேணாம் பாய்."

வாஹித் பாஷாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆம்பூர் பஜாரில் இருபது வருஷமாக ஷூ விற்கிறார். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. ஏழு ஜோடி இறக்கிக் காட்டியாயிற்று.

"இதுல இன்னா சார் கொறை?"

"ஷூவுல கொறை இல்ல, கம்பெனிதான் சரியில்ல. சங்கம் வெச்சாங்கன்னு அறுபது பொம்பளைங்கள வேலையவிட்டுத் தூக்கிட்டான்."

"அப்போ இது?"

"அவன் போருக்கு நிதி குடுத்தவன்."

"இதையாவது பாருங்க."

"ஐயோ, வேணவே வேணாம்! கறுப்பா இருக்கறவங்கள விளம்பரத்துல கேவலப்படுத்துனான்."

வந்தவர் பெயர் ஆதிகேசவன். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறார். பெண் பாகாயத்தில் காலேஜ் சேருகிறாளாம், அவளுக்குத்தான் ஷூ.

"சார், இதெல்லாம் எக்ஸ்போர்ட்ல மிஞ்சுன சரக்கு. மூணு கம்பெனிக்கும் ஒரே ஃபேக்டரி, ஒரே லைன். காலைல ஒரு லேபிள், மத்தியானம் ஒரு லேபிள். தைக்கறது நம்மூருப் பொம்பளைங்க. இதுல யார் மேல கோவம் உங்களுக்கு?"

சொன்ன கையோடு கத்தரிக்கோலை எடுத்து லேபிளை நறுக்கென்று வெட்டிப் போட்டார்.

"இப்போ கம்பெனியே இல்ல. எடுத்துக்குங்க."

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. "லேபிள வெட்டிட்டா அவன் செஞ்சது இல்லன்னு ஆய்டுமா பாய்?"

வாஹித் பாஷா எட்டாவது ஜோடியை இறக்கித் தொப்பென்று முன்னால் வைத்தார்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு மாசமாகக் கடையில் ஈ ஓட்டுகிறார். பாய் கடைகளில் யாரும் வாங்காதீர்கள் என்று எவனோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இருபது வருஷப் பழக்கமெல்லாம் எதிர்ச்சாரியில் நடந்து போகிறது. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். இந்த லட்சணத்தில், காலையிலிருந்து வந்த ஒரே ஆளும் 'வாங்க மாட்டேன்' பாட்டுப் பாடுகிறார். வேண்டுமென்றே சீண்ட வந்திருப்பாரோ?

"பேஜார் பண்ணாதீங்க சார்! வாங்காத, வாங்காதன்னு சொல்றவங்களாலதான் எங்க பொழப்பே நாறிப் போச்சு. குடியாத்தத்துல ஷூ கடையே இல்லையா? எதுக்கு பஸ் ஏறி இங்க வந்து உயிரை வாங்கறீங்க?"

"இருக்கே. பஸ் ஸ்டாண்டு எதிர்லயே இருக்கு. என் மச்சான் கடைதான்."

"அப்போ அங்க போக வேண்டியதுதானே?"

ஆதிகேசவன் எட்டாவது ஜோடியைக் கையில் எடுத்தார்.

"உங்க கடையில எல்லாம் யாரும் வாங்கக் கூடாதுன்னு அவர்தான் பாய் ஊருக்கே மெசேஜ் போட்டாரு. அன்னிலேர்ந்து அவர் கடைப் படியே நான் ஏறல."