நான்காவது உறுப்பு

கைதட்டல் ஓயவில்லை. அவளுக்குக் காது கூசியது.

கருத்தரங்கத் திரையில் அவள் கணக்கிட்டுப் போட்ட கோடு. அதன் மேல், மணி கோத்ததுபோல், தோழி பொற்கொடியின் ஆய்வகம் அளந்த புள்ளிகள்.

ஃபெர்மியான்கள் ரோஷக்காரத் துகள்கள். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது. அவை நெருக்கமின்றி ஐதாகப் பரவிய வாயுவின் அழுத்தம் எவ்வளவு? முழு விடை எவரிடமும் இல்லை. கணக்குத் தொடரில் ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அவள் மூன்றாவதில் நிறுத்தியிருந்தாள்.

நான்காவதும் அவளிடம் இருந்தது. பொற்கொடியின் புள்ளிகள் வந்த பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு. அதைச் சேர்த்தால், அடர்த்தி கூடும் இடத்தில் கோடு கீழே வளைந்தது. புள்ளிகளை விட்டு விலகியது.

அளந்து பார்த்தவளா தப்பு செய்வாள்? நம் கணக்கில்தான் எங்கோ கோளாறு என்று கமுக்கமாக மூடி வைத்தாள்.

சற்று முன் மேடையில், "மூன்று உறுப்புகளே போதுமானவை" என்றும் சொல்லிவிட்டாள்.

தேநீர் இடைவேளை. பொற்கொடி சமோசாவைக் கடித்தபடியே வந்து தோளில் இடித்தாள். ஒரே விடுதி அறையில் படித்த உரிமை. அடுத்த உரை பொற்கொடியுடையது.

"போன வருஷம் நீ அனுப்புன கோடு மட்டும் இல்லேன்னா மாட்டியிருப்பேன்டி. அடர்த்தியான பக்கம் நிறையப் புள்ளி கோட்டுல நிக்கவே இல்ல. உன் கணக்கு தப்பாதுன்னு தெரியும். கருவிதான் மக்கர் பண்ணுதுன்னு, நின்னத மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தத் தூக்கிட்டேன்."

அவள் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது.

"தூக்குனதெல்லாம் கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"கீழ. ஏன் கேக்குற?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கணக்கைத் தானே நம்பாத ஒருத்தியை, இவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள்.

உள்ளே மணி அடித்தார்கள். பொற்கொடியின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

அவள் பொற்கொடியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால், மேசையில் சிந்திக் கிடந்த தேநீரில் விரலைத் தொட்டு, ஒரு கோடு இழுத்தாள். பாதி தூரம் நேராகப் போயிற்று.

பிறகு கீழே வளைந்தது.

பொற்கொடி மெல்லுவதை நிறுத்தினாள்.