இரண்டு சீட்டு வண்டி

தன் அண்ணனுக்குள் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று அவள் அன்று வரை நினைத்ததில்லை.

காலையில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் மச்சான் என்று அவள் கணவர் கூப்பிட்டதும், மெக்கானிக் பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்தான்.

அவள் கணவர் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். "ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டியாச்சு. இனிமே ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டணும்" என்பார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து இதே பேச்சு.

அவளுக்கும் ஆசைதான், வெளியே சொன்னதில்லை. அவர் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். போனபோதெல்லாம் பார்த்தது அவர் முதுகைத்தான். ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து, சாலையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கென்றே செய்தது போல இந்தக் காருக்கு இரண்டே சீட்டு. சிவப்பு.

விற்கிறவன் சின்ன வயசுக்காரன். கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கினானாம். இப்போது குழந்தை பிறந்துவிட்டது. "தொட்டிலை பானெட் மேலயா கட்டுறதுன்னு கேக்கறா வீட்டுல" என்று சிரித்துவிட்டு, வண்டியை ஒருமுறை தடவிக் கொடுத்தான்.

அண்ணன் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது. ஆள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். பிறகு தரையில் படுத்து அடியில் பார்த்தான். இந்த மாதிரி தாழ்ந்த வண்டிக்கு மேடு பள்ளத்தில் அடிவயிறுதான் முதலில் அடிபடுமாம். கதவு இடுக்கில் பெயின்ட் மாறியிருக்கிறதா, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, ஆயில் என்ன நிறம், புகை என்ன நிறம் என்று ஒன்று விடவில்லை. ஆஸ்பத்திரியில்கூடத் தன்னை யாரும் இப்படி அக்கறையாகப் பார்த்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வண்டியைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கார், மாப்பிள்ளை. ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடுங்க" என்றான் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டே.

அவளுக்கு இடம் இல்லை. தெருவிலேயே நின்றாள். முனை திரும்பும்போது அவர் அவளுக்குக் கையசைத்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ஸ்டியரிங்கில் அண்ணன் இருந்தான்.

"கிளட்ச் போச்சு" என்றான், இறங்கும்போதே. "மேட்டுல நிக்க மாட்டேங்குது. இது வேண்டாம்."

புதுக் கிளட்ச் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று விற்கிறவன் துடித்துப் போனான். அண்ணன் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியானால் வேறு நல்ல வண்டியாகப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். இந்த ரக வண்டி எதுவுமே வேண்டாம், எல்லாம் தலைவலி பிடித்த சமாச்சாரம் என்று ஒரே போடாகப் போட்டான்.

அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்த வண்டி ஒரு சுத்துல கெட்டுப் போச்சா?"

"போச்சு பாப்பா." தலை நரைத்த பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"பொறாமை. அடுத்தவன் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்தவனுக்கு, இவர் சீட்டுல உட்கார்ந்து போறது பொறுக்கலை."

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

"அப்படியே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாள் காலை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் நேரே விற்கிறவன் வீட்டுக்குப் போனாள். வேறு மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன், அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதே தம்பி என்று கேட்டாள்.

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உங்க அண்ணன் சொல்லலையாம்மா? நேத்து சாயந்திரமே திரும்பி வந்தாரே. உங்க வண்டியில ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது பொய், மனசுல வெச்சுக்காதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னான்?"

அவன் தயங்கினான்.

"ஐயாவோட இடது கால் மரத்துப் போயிருக்கு போலம்மா. கிளட்ச்சை மிதிச்சிருக்கோமா, விட்டுட்டோமான்னே அவருக்குத் தெரியலையாம். மேட்டுல வண்டி பின்னால உருண்டுடுச்சாம். அவர் வண்டியைத்தான் சந்தேகப்பட்டாராம். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனைப் பார்த்து, என் தங்கச்சி முன்னால, உங்களால இனிமே முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைன்னார். ஏதாவது சாக்குச் சொல்லி நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னும் சொன்னார்."

அவள் வண்டியின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கறீங்களாம்மா?" என்று அவனே கதவைத் திறந்துவிட்டான்.

உட்கார்ந்தாள். பக்கத்தில் ஸ்டியரிங் சீட்டு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடைக்குப் போக இவ்வளவு நேரமா?"

"கடைக்குப் போகலை. மனசு கேக்கலை. அந்த வண்டியை வேற ஒரு மெக்கானிக்கை வெச்சுப் பார்க்கச் சொன்னேன்."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "என்ன சொன்னார்?"

"அண்ணன் சொன்னதையேதான் சொன்னார்" என்றாள் அவள். "கிளட்ச்தானாம்."