காவலுக்கு வந்த நாய்

காக்கைகள் முட்டைகளைத் தூக்கிப் போனதால், தீவின் ஆலாப் பறவைகள் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நாயைக் காவலுக்கு வரவழைத்தன. நாய் மணல்மேட்டில் படுத்தது. காக்கைகள் வரவில்லை. நாய்க்குப் பயந்து ஆலாக்களும் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின.

முட்டையிட்டிருந்த ஒருத்தி மட்டும் மேலே வட்டமிட்டாள்.

"அண்ணே, என் முட்டை உங்க வாலுக்குப் பக்கத்துல வெயில்ல காயுது. கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்."

"இடம் மாறணும்னா எங்க ஊர்லேருந்து உத்தரவு வரணும்மா. கேட்டு அனுப்பியிருக்கேன்."

"உங்க ஊர்ல வெயிலே அடிக்காதா?"

பத்தாம் நாள் கப்பலில் உத்தரவு வந்தது. நாய் நாலடி தள்ளிப் படுத்து, "இப்ப வாம்மா" என்றது. வானத்தில் யாரும் இல்லை. முட்டையை மோந்து பார்த்தது. அசைவில்லை.

வழக்கம்போல் அன்றும் ஊருக்குச் செய்தி அனுப்பியது: "காக்கை எதுவும் வரவில்லை. தீவு அமைதியாக இருக்கிறது."