ஞாயிற்றுக்கிழமை ஓடாதவள்

மேடையில் ஜெபக்கனி அந்தப் பந்தயக் கதைக்கு வந்துவிட்டாள். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த மாயக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழங்காநத்தத்துச் சபையில் கால் வைக்க இடமில்லை. ஒரிசா மலைக்கிராமங்களில் எட்டு வருடம் ஊழியம் செய்துவிட்டு வந்திருக்கும் மிஷனரியைப் பார்க்க வந்த கூட்டம்.

'கர்த்தருக்காக ஓட்டத்தைத் துறந்த வீராங்கனை' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மாயக்காள் மேலூரில் பஸ் ஏறினாள். இப்போது அது அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ரேஸ்கோர்ஸ் மைதானம், பெண்கள் ரிலே இறுதிப்போட்டி. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நாளில் ஓடமாட்டேன் என்று, ஜெயிக்கவேண்டிய பந்தயத்தையே விட்டுவிட்டதாக ஜெபக்கனி சொன்னாள்.

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது.

விட்டது அவள் ஒருத்தியின் பந்தயமா? நாலு பேர் ஓடுகிற ஓட்டம் அது. மூன்றாவதாக ஓடி, கடைசியாள் ஜெபக்கனியின் கையில் குச்சியைக் கொடுக்கவேண்டியவள் மாயக்காள். மாற்றுக்கு ஆளில்லை என்று அணியின் பெயரையே அடித்துவிட்டார்கள்.

ஜெயித்திருந்தால் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். அந்த வைகாசியிலேயே மாயக்காளைக் கல்குவாரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருடமாகக் கல்தூசியைத் துப்பிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கதையில் ஒரு தடவையாவது தன் பெயர் வரவேண்டும்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மலை வந்தது, மலேரியா வந்தது, காட்டில் வழிகாட்டிய தேவதூதன்கூட வந்தார். மாயக்காள் வரவில்லை.

வேறு யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று போதகர் மைக்கை நீட்டினார்.

மாயக்காள் எழுந்துவிட்டாள். நெற்றியில் பொட்டோடு, தலை நிறையப் பூவோடு வருகிறவளுக்குக் கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. அவளை அடையாளம் கண்டதும் ஜெபக்கனியின் முகம் வெளிறியது. கை தன்னையறியாமல் பின்னால் போய், வெள்ளைச் சேலையை இழுத்துவிட்டது.

மைக்கை வாங்கிய மாயக்காள் அந்தக் கையைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அதோடு நிறுத்திக்கொண்டாள். கோபம் மட்டும் நிற்கவில்லை.

"எம் பேரு என்னன்னு இவுகளுக்குச் சொல்லு கனி. அது போதும் எனக்கு."

ஜெபக்கனி சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெயர் வரவில்லை. பெயரைச் சொன்னால் அதற்கடுத்து மிச்சத்தையும் சொல்லவேண்டியிருக்கும்.

மைக்கைப் போதகர் கையில் திணித்துவிட்டு மாயக்காள் விறுவிறுவென்று வெளியேறினாள். செருப்பைத் தேடும்போது, இப்போதும் கனியைக் காட்டிக்கொடுக்காமல் வந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

பந்தயத்தன்று காலை மைதானத்துக் குழாயடியில், வெள்ளை டவுசரின் பின்பக்கம் சிவந்திருக்க, இதைப் போய் வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று ஜெபக்கனி தேம்பித் தேம்பி அழுதாள். மாயக்காள்தான் பையிலிருந்த தன் தாவணியை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி, வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து வாத்தியார் முன்னால் நின்று, வாயில் முதலில் வந்த பொய்யைச் சொன்னாள்.

"கனி ஓட மாட்டாளாம் சார். இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாம். வேதக்காரப் பிள்ள."