தொட்டிக்குள் பேச்சு

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து ஒயின் தோட்டம் ஒன்றில் ஒரு கட்டளை உண்டு. சாறு புளிக்கிற நாட்களில் தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதிப்பவர் வாயை மூடவே கூடாது. உள்ளே கிளம்பும் வாயு சத்தமில்லாமல் ஆளை அமுக்கிவிடும். பேச்சு நின்றால், வெளியே நிற்பவர் உடனே அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

அன்று காலை ஃபிர்மேன் மிதித்தான். அவன் மனைவி ஒதீல் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளி கழுவினாள்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. மிதிக்கும்போதே தூங்கி வழிய நான் என்ன உங்கண்ணனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் அவள் அண்ணனை விடாமல் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் மிதிக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஏணியில் ஏறிப் பார்த்தாள். வாயு ஏறினால் தெரியட்டும் என்று உள்ளே தொங்கவிட்ட மெழுகுவத்தி அணைந்திருந்தது. ஃபிர்மேன் திராட்சைத் தோலின் மேல் குப்புறக் கிடந்தான்.

கப்பிக் கயிற்றை இழுத்து அவனை வெளியே கொண்டுவந்து போட்டாள். முகத்தில் தண்ணீரை அடித்தாள். கண் விழித்தான். உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

தொட்டிக்குள்ளிருந்து வந்தது.

"ஒதீல், ஏன்டி பேச்சையே காணோம்? இருக்கியா?"